ஐந்நூறு யானை என்ன ஆச்சு ஸார்?

ஒன்பதாம் கிளாஸ் அரைப் பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி: 'செல்யூகஸ் நிகேடர் – சிறு குறிப்பு வரைக.'

வரைந்தேன். அலெக்ஸாண்டரின் தளபதி, சந்திரகுப்த மௌரியரோடு சண்டை போட்டார், அப்புறம் சமாதானம் ஆகி, சந்திரகுப்தருக்கு 500 யானைகளைப் பரிசாகக் கொடுத்தார்.

பேப்பர் கொடுக்கிற அன்றைக்கு சரித்திர வாத்தியார் என்னை பெஞ்சு மேல் ஏற்றினார். "கிரேக்கன்கிட்டே ஏதுடா யானை? கொடுத்தவன் சந்திரகுப்தன். வாங்கிட்டுப் போனவன் செல்யூகஸ். நூறு தடவை எழுது!"

பெஞ்சு மேல் ஏறியவனுக்கு இதற்கு மேல் என்ன பயம்? கேட்டுவிட்டேன். "வாங்கிட்டுப் போய் என்ன ஸார் பண்ணினான்?"

வாத்தியார் புத்தகத்தைப் புரட்டினார். அடுத்த பாராவில் சந்திரகுப்தர் ராஜ்யத்தைத் துறந்து சிரவணபெலகொலாவுக்குக் கிளம்பிவிட்டிருந்தார். யானைகளைப் பற்றி மூச்சு இல்லை.

"அது போர்ஷன்ல இல்லை. உட்கார்" என்றார்.

போர்ஷனில் இல்லாததைத் தெரிந்துகொள்ள எனக்கு இருபத்தாறு வருஷமும் ஒரு விமான டிக்கெட்டும் ஆயிற்று.

2018 நவம்பரில் ஆபீஸிலிருந்து எங்கள் மூன்று பேரை ஒரு வாரப் பயிற்சிக்கு இஸ்தான்புல் அனுப்பினார்கள். முடிந்ததும் மூன்று நாள் லீவு. மற்ற இரண்டு பேரும் கப்படோக்கியா போய் பலூனில் பறக்கப்போவதாகச் சொன்னார்கள். நான் அந்தாக்யா போகிறேன் என்றேன்.

"அங்கே என்ன இருக்கு?"

"யானை."

"துருக்கியிலயா?"

"இப்ப இல்லை. 2,300 வருஷத்துக்கு முன்னாடி."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரு பாக்கெட் பிஸ்தாவைக் கையில் கொடுத்து, ஜாக்கிரதையாகப் போய்வரச் சொன்னார்கள்.

துருக்கியின் மேப்பைப் பார்த்தால், தெற்கே ஓரிடத்தில் வால் மாதிரி ஒரு துண்டு சிரியாவுக்குள் தொங்கும். அந்த வாலில் இருக்கிற ஊர் அந்தாக்யா. பைபிள் படித்தவர்களுக்கு அந்தியோகியா என்றால் புரியும். கி.மு. 300-ல் இதை ஸ்தாபித்தவர் சாட்சாத் நம்ம செல்யூகஸ்தான்.

ஏர்போர்ட் வாசலில் ஒரு டாக்ஸி டிரைவர் பிடித்துக்கொண்டார். நாற்பது வயசு, கட்டை மீசை. சிரியா சண்டையைப் படம் எடுக்க வந்த நிருபர்களுக்கு வண்டி ஓட்டியதில் கொஞ்சம் இங்கிலீஷ் பழகியிருந்தார். எந்த ஊர் என்றார். நான் நெஞ்சைத் தட்டி, "ஹிந்தி! ஹிந்தி!" என்றேன். மனிதர் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார். துருக்கியில் 'ஹிந்தி' என்றால் வான்கோழியாம்! இங்கிலீஷில் வான்கோழிக்கு 'டர்க்கி' என்று பேர் வைத்ததற்கு இவர்கள் பழிவாங்கியது மாதிரி இருந்தது.

என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டார். யானை என்பதற்கு வார்த்தை தெரியாமல் கையைத் தும்பிக்கையாக்கிக் காட்டினேன்.

"ஃபில்?"

"ஆமாம், ஃபில். 500 ஃபில்."

அதிலிருந்து நான் அவருக்கு 'ஃபில் அபி'. அபி என்றால் அண்ணன். யானை அண்ணன்!

இந்தப் பட்டப்பெயருக்கு ஒரு பூர்வீகம் உண்டு. டெமெட்ரியஸ் என்று ஒரு ராஜா. அலெக்ஸாண்டரின் இன்னொரு தளபதியான ஒற்றைக்கண் ஆண்டிகோனஸின் மகன். தானும் அப்பாவும்தான் நிஜ ராஜாக்கள், மற்றவர்கள் எல்லாம் சும்மா என்பது அவன் எண்ணம். அவன் சபையில் கோப்பையைத் தூக்கும்போது செல்யூகஸை ராஜா என்று சொல்ல மாட்டார்களாம். 'யானை மாஸ்டர்' என்பார்களாம். நக்கல்!

நக்கல் அடித்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஆசாமியைப் பார்த்துவிடலாம்.

செல்யூகஸ் நல்ல ஆகிருதி. அலெக்ஸாண்டர் ஒரு பலி கொடுக்கும்போது கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய காளையை இரண்டு கையால் பிடித்து நிறுத்தியவன் என்று கதை. நம்ம பக்கத்தில் பிறந்திருந்தால் அலங்காநல்லூரில் அண்டா, சைக்கிள் எல்லாம் ஜெயித்திருப்பான். கி.மு. 323-ல் பாபிலோனில் அலெக்ஸாண்டர் வாரிசு சொல்லாமல் செத்துப்போக, தளபதிகள் எல்லாரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டார்கள். செல்யூகஸுக்குக் கொஞ்சம் தாமதமாக பாபிலோன் கிடைத்தது. அதையும் ஆண்டிகோனஸ் பிடுங்க வர, உயிர் தப்பினால் போதும் என்று எகிப்துக்கு ஓடினான். அங்கே டாலமியிடம் வேலை. கி.மு. 312-ல் டாலமி கொடுத்த சுமார் ஆயிரம் பேரை மட்டும் கூட்டிக்கொண்டு பாபிலோனைத் திரும்பப் பிடித்தான் பாருங்கள், அதுதான் ஆரம்பம். அந்த நிகழ்ச்சியிலிருந்து வருஷங்களை ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார்கள். அதுவரை ராஜா மாறினால் வருஷக் கணக்கும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். இங்கே ராஜா செத்தாலும் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. நாம் இன்றைக்கு தேதி போடுகிற முறைக்கு இது பெரிய முன்னோடி.

பாபிலோனிலிருந்து கிழக்கே ஈரான், பாக்ட்ரியா என்று பிடித்துக்கொண்டே வந்தவன் சிந்து நதிக்கரையில் நின்றுவிட்டான். எதிரே சந்திரகுப்தர்! சண்டை எப்படிப் போயிற்று என்று யாரும் விவரமாக எழுதிவைக்கவில்லை. முடிவு மட்டும் தெரியும். கி.மு. 303 வாக்கில் செல்யூகஸ் இன்றைய ஆப்கானிஸ்தான் பக்கத்தில் பெரிய பெரிய பிரதேசங்களை விட்டுக்கொடுத்தான்; 500 யானைகளை வாங்கிக்கொண்டான். எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்! யாருக்கு லாபம் என்று இன்றைக்கும் சரித்திரக்காரர்கள் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கென்னவோ இரண்டு பேரும் வீட்டுக்குப் போய், 'அவனை நல்லா ஏமாத்திட்டேன்' என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

டிரைவர் காரை ஊருக்கு மேலே மலைச் சரிவில் நிறுத்தினார். ஹபீப் நெஜ்ஜார் மலை. கீழே ஊர் முழுக்கத் தெரிந்தது. சிவப்பு ஓட்டு வீடுகள், மினாரெட்டுகள், ஆறேழு மாடிக் கட்டடங்கள், நடுவில் சிமென்ட் கரைக்குள் ஒல்லியாக ஒரு ஆறு. அந்தக் காலத்தில் ஓரோண்டீஸ், இப்போது ஆசி. ஆசி என்றால் அடங்காப்பிடாரி என்று அர்த்தமாம். அக்கம்பக்கத்து ஆறுகள் எல்லாம் தெற்கே போக, இது மட்டும் லெபனானில் புறப்பட்டு, சிரியாவைத் தாண்டி வடக்கே வந்து, இங்கே திரும்பிக் கடலில் விழுகிறது.

நான் தயாராக வைத்திருந்த கதையை அவிழ்த்துவிட்டேன். ஊருக்கு அஸ்திவாரம் போட்டபோது செல்யூகஸ் செய்த காரியம் இது. இதே ஊர்க்காரரான லிபானியஸ் என்ற சொற்பொழிவாளர் கி.பி. நாலாம் நூற்றாண்டில் எழுதிவைத்திருக்கிறார். கோட்டைச் சுவரில் எங்கெங்கே கோபுரம் வர வேண்டுமோ அங்கங்கே ஒரு யானையைக் கொண்டுபோய் நிறுத்தினான். தெருக்கள் வரவேண்டிய இடத்தில் கோதுமையைக் கோடாகத் தூவினான். அதாவது, பெரிய கோலம் போட்டு, சுற்றிலும் புள்ளி வைக்கிற இடத்திலெல்லாம் ஒரு யானை! அவ்வளவும் கங்கைக்கரைப் பக்கமிருந்து நடந்தே வந்த யானைகள்.

டிரைவர் கொஞ்ச நேரம் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆற்றுக்கு இந்தப் பக்கம் மஞ்சள் கட்டடம் ஒன்றைக் காட்டினார். "அதோ என் வீடு. அங்கேயும் ஒரு ஃபில் நின்றிருக்குமா?"

"சுவர் அந்தப் பக்கம் போயிருந்தா நின்றிருக்கும்."

"அப்போ என் யானை ஆறு மாடி" என்றார் திருப்தியாக.

ஒரு சங்கடமான உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அந்தாக்யாவில் செல்யூகஸ் கட்டிய ஒரு செங்கல்லைக்கூட நீங்கள் பார்க்க முடியாது. மியூசியத்துக்குப் போனேன். ஹிட்டைட் ராஜா ஒருத்தர் முழியை உருட்டிப் பார்க்கிறார். ஹால் ஹாலாக ரோமானிய மொசைக் தரைகள். அழகு கண்ணைப் பறிக்கிறது. எல்லாமே அவனுக்கு முந்தியது, இல்லாவிட்டால் பிந்தியது. 1930-களில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் வந்து வருஷக்கணக்கில் தோண்டினார்கள். செல்யூகஸின் ஊர் பல மீட்டர் ஆழத்தில் புதைந்துகிடந்தது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் ஒரு பக்கம், பூகம்பம் ஒரு பக்கம். கி.பி. 115-ல் ஒன்று, ரோம சக்கரவர்த்தி டிராஜனே அன்றைக்கு ஊரில் இருந்து, மயிரிழையில் தப்பினார். 526-ல் இன்னொன்று, அதில் செத்தவர்கள் இரண்டரை லட்சம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

மத்தியானம் கியூனெஃபே சாப்பிட்டோம். சேமியா மாதிரி இழைகளுக்கு நடுவே உப்பில்லாத சீஸை வைத்து, தட்டோடு நெருப்பில் வாட்டி, சர்க்கரைப் பாகை ஊற்றி, மேலே பிஸ்தா தூவித் தருகிறார்கள். முதல் வாயில் 'இதென்ன கண்றாவி' என்று தோன்றும். மூன்றாவது வாயில் இன்னொரு தட்டு சொல்லத் தோன்றும். சொன்னேன்.

நக்கல் அடித்தவர்கள் கதைக்கு வருகிறேன். கி.மு. 301-ல் இப்சஸ் என்ற இடத்தில், இதே துருக்கியில், பெரிய சண்டை. ஒரு பக்கம் எண்பது வயசைத் தாண்டிய ஆண்டிகோனஸும் மகன் டெமெட்ரியஸும். எதிர்ப்பக்கம் செல்யூகஸும் கூட்டாளிகளும். டெமெட்ரியஸ் குதிரைப்படையோடு பாய்ந்து எதிராளியை ஓட ஓட விரட்டிக்கொண்டு போனான். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் திரும்பிப் பார்த்தால், அப்பாவுக்கும் அவனுக்கும் நடுவே சுவர். யானைச் சுவர்! செல்யூகஸ் கையில் நானூறுக்கும் மேல் இருந்தன. பழக்கமில்லாத குதிரைகளுக்கு யானை வாசனையே ஆகாது. டெமெட்ரியஸ் திரும்பி வர முடியவில்லை. கிழவர், 'என் மகன் வந்துடுவான்' என்று சொல்லிக்கொண்டே செத்துப்போனாராம். 'யானை மாஸ்டர்' மேற்கே சிரியாவையும் எடுத்துக்கொண்டான்.

எடுத்த கையோடு ஊர் ஊராகக் கட்டினான். அப்பா ஆண்டியோகஸ் பேரில் அந்தியோக். அம்மா பேரில் லவோதிகேயா. தன் பேரில் செலூசியா. பெண்டாட்டி அபாமா பேரில் அபாமியா. அலெக்ஸாண்டர் சூசா நகரத்தில் தன் தளபதிகளுக்கெல்லாம் பாரசீகப் பெண்களைக் கூட்டாகக் கட்டிவைத்தானே, அதில் வந்த பெண்டாட்டி. அலெக்ஸாண்டர் கண்ணை மூடியதும் மற்றவர்களில் பலர் கழற்றிவிட்டார்கள். இவன் வைத்துக்கொண்டான். யானைகளுக்கு லாயம் அபாமியாவில்தான். 500 யானை, 30,000-க்கு மேல் குதிரைகள் என்று ஸ்ட்ராபோ எழுதுகிறார். செல்யூகஸ் நல்ல நிர்வாகி. ஆனால், ஒரு ராஜா எழுதவும் படிக்கவும் வேண்டிய கடிதங்கள் எத்தனை என்று தெரிந்தால், கிரீடம் தெருவில் கிடந்தாலும் ஒருத்தன் குனிந்து எடுக்க மாட்டான் என்று அலுத்துக்கொள்வானாம். ஃபைல் தள்ளுகிற ஜாதி, நம்மாள்!

பிள்ளை ஆண்டியோகஸ் கதை அசல் சினிமா. பையன் படுத்த படுக்கை. வியாதி என்னவென்று தெரியவில்லை. எரசிஸ்ட்ராடஸ் என்ற டாக்டர் நாடியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். யார் யாரோ வந்து போனார்கள். நாடி சும்மா இருந்தது. ராஜாவின் இளம் மனைவி ஸ்ட்ராடனிகே உள்ளே வந்ததும் நாடி குதித்தது. சித்தி! டாக்டர் ராஜாவிடம் போய், "உங்கள் பையன் என் பெண்டாட்டியைக் காதலிக்கிறான்" என்று ஒரு போடு போட்டார். "என் பிள்ளைக்காக அவளை விட்டுக்கொடுக்கக் கூடாதா?" என்று ராஜா கெஞ்ச, "உங்கள் பெண்டாட்டியாக இருந்தால் கொடுப்பீர்களா?" என்றார். "தாராளமாக!" "அப்படியானால் கொடுங்கள்." கொடுத்தான். கூடவே கிழக்குப் பாதி ராஜ்யத்தையும் கொடுத்தான். கி.மு. 294 வாக்கில் நடந்த கல்யாணம். டிரைவரிடம் இதைச் சொன்னபோது கியூனெஃபேயை விழுங்காமல் கேட்டுவிட்டு, "எங்கள் டி.வி. சீரியல்கூட இவ்வளவு தூரம் போகாது" என்றார்.

கி.மு. 281-ல் செல்யூகஸ், அலெக்ஸாண்டரின் கடைசித் தளபதியையும் ஜெயித்தான். ஈஜியன் கடலிலிருந்து இந்துகுஷ் வரை அவன் கொடி. எழுபது வயசைத் தாண்டியவனுக்குச் சொந்த மண்ணான மாசிடோனியாவைப் பார்க்க ஆசை வந்தது. கடலைத் தாண்டிக் கரையில் கால் வைத்தான். தான் சோறு போட்டு வளர்த்த டாலமி கெரௌனஸ் என்பவன் கத்தியால் குத்திவிட்டான். அவ்வளவுதான்.

யானைகள் மட்டும் தொடர்ந்தன. பையன் ஆண்டியோகஸ், கலேஷியர் என்ற முரட்டுக் கூட்டத்தை வெறும் 16 யானைகளை வைத்து விரட்டினான். நம்மைக் காப்பாற்றியது இந்தப் பதினாறு மிருகங்கள்தானா என்று வெட்கப்பட்டு அழுது, வெற்றிச் சின்னத்தில் யானையை மட்டும் செதுக்கச் சொன்னானாம். பாகனுக்கு கிரேக்கத்தில் பேரே 'இந்தியன்' என்று ஆகிவிட்டது. சந்திரகுப்தரின் மகன் பிந்துசாரரோடு கடிதப் போக்குவரத்து வேறு. இனிப்பு ஒயின், உலர்ந்த அத்திப்பழம், ஒரு தத்துவ வாத்தியார், மூன்றையும் விலைக்கு வாங்கி அனுப்பும்படி பிந்துசாரர் கேட்டாராம். ஒயினும் அத்திப்பழமும் அனுப்புகிறோம், வாத்தியாரை விற்பது எங்கள் ஊரில் சட்டவிரோதம் என்று பதில் வந்தது. (என்னை பெஞ்சில் ஏற்றியவரை அனுப்பியிருக்கலாம்.) அசோகரின் இரண்டாவது பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர் பேர் வருகிற அதே வரிசையில் 'யோன ராஜா அந்தியோக' என்றும் வருகிறது. மனுஷனுக்கும் மிருகத்துக்கும் வைத்திய வசதி செய்துகொடுத்ததைச் சொல்கிற கல்வெட்டு அது. மிருகத்துக்கும் என்பதைக் கவனியுங்கள். எனக்கு யானை ஞாபகம் வந்தது.

மறுநாள் காலையில் ஹார்பியே. பழைய பேர் டாஃப்னே. பாறையிலிருந்து அருவி அருவியாக விழுகிறது. ஓட்டல்காரர்கள் மேஜை நாற்காலியைத் தண்ணீருக்குள்ளேயே போட்டுவைத்திருக்கிறார்கள். காலை நனைத்துக்கொண்டே டீ குடிக்கலாம். கடைகளில் அடுக்கடுக்காக லாரல் இலைச் சோப்பு. குற்றாலம் போலத்தான், எண்ணெய் மசாஜ் மட்டும் இல்லை.

இங்கே போய்ச் சேருமுன் சரித்திரத்தில் ஒரு அடி சறுக்கியிருந்தது. செல்யூகஸின் எள்ளுப்பேரன் மூன்றாம் ஆண்டியோகஸ், 'மகா' என்ற பட்டம் போட்டுக்கொண்டவன். கிழக்கே படையெடுத்துப் போய், கி.மு. 206-ல் புது யானைகளோடு திரும்பினான், மொத்தம் 150. கையில் யானை இருந்தால் சும்மா இருக்க முடியுமா? ரோமானியர்களோடு மோதினான். மக்னீசியா என்ற இடத்தில், இன்றைய மனிசா, கி.மு. 190-ன் கடைசியில் சண்டை. 54 இந்திய யானைகளை நிறுத்தினான். பிறகு என்ன செய்தான்? தானே குதிரைப்படையோடு பாய்ந்து எதிராளியை ஓட ஓட விரட்டிக்கொண்டு ரோமானிய முகாம் வரைக்கும் போனான்! ஆமாம், டெமெட்ரியஸ் செய்த அதே காரியம். எள்ளுத்தாத்தா ஜெயித்த கதையை எத்தனை தடவை கேட்டிருப்பான்! திரும்பிப் பார்த்தபோது அம்பும் ஈட்டியும் பட்டு மிரண்ட யானைகள் அவனுடைய காலாட்படையையே மிதித்துக்கொண்டிருந்தன.

கி.மு. 188-ல் அபாமியா உடன்படிக்கை. (இது வேறு அபாமியா, துருக்கியின் உள்பகுதியில் இருந்தது. ஒரே பேரை ஊர் ஊராக வைத்தால் இதுதான் கஷ்டம்.) முன்பணம் 3,000 டேலண்ட் வெள்ளி. மிச்சம் 12,000 டேலண்ட், 12 வருஷத் தவணை. ஒரு டேலண்ட் சுமார் 26 கிலோ. வருஷத்துக்கு 26 டன் வெள்ளி! ஹவுசிங் லோன் கட்டுகிறவர்களுக்கு வலி தெரியும். டாரஸ் மலைக்கு மேற்கே எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும். போர்க்கப்பல் பத்துக்கு மேல் கூடாது. யானைகள் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். இனி வைத்துக்கொள்ளவும் கூடாது. மகா ராஜா அடுத்த வருஷமே, பணத்துக்கு வழியில்லாமல் ஈரான் பக்கம் ஒரு கோயிலைக் கொள்ளையடிக்கப் போய், அந்த ஊர் ஜனங்கள் கையால் செத்தான்.

மகன் நாலாம் ஆண்டியோகஸ். ரோமில் பணயக் கைதியாக வளர்ந்தவன். எகிப்தைக் கிட்டத்தட்டப் பிடித்துவிட்டான். கி.மு. 168-ல் அலெக்ஸாண்டிரியா வாசலில் ரோமானியத் தூதர் பொபிலியஸ் வந்து, படையைத் திருப்பு என்று ஒரு ஓலையைக் கொடுத்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றான். தூதர் கையிலிருந்த குச்சியால் அவனைச் சுற்றி மணலில் ஒரு வட்டம் போட்டு, "இதை விட்டு வெளியே வருவதற்குள் சொல்" என்றார். ராஜா, பின்னால் பெரும்படை, எதிரே குச்சியோடு ஒரு கிழவர். சரி என்றான்.

அந்த அவமானத்தைத் துடைக்கத்தான் டாஃப்னேயில் கி.மு. 166-ல் விழா எடுத்தான் என்று நினைக்கிறேன். ஒரு மாசம். அணிவகுப்பில் ஆயிரக்கணக்கான வீரர்கள், தங்கம், தந்தம். நாலு யானை பூட்டிய ரதம் ஒன்று, இரண்டு யானை பூட்டியது ஒன்று, அப்புறம் வரிசையாக 36 யானைகள். வைத்துக்கொள்ளவே கூடாது என்று கையெழுத்துப் போட்ட வீட்டில்! ராஜா ஒரு மட்டக் குதிரை மேல் ஏறிக்கொண்டு, நீ போ, நீ நில் என்று கத்திக்கொண்டு ஊர்வலத்தோடு ஓடினாராம். பந்தியில் தானே நின்று வருகிறவர்களை உட்காரவைத்தாராம். கம்பெனி ஆண்டு விழாவில் முதலாளியே மைக்கைப் பிடுங்கி, சாம்பார் வாளியையும் தூக்கினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் ஜனங்களும் கூசிப்போய்ப் பார்த்தார்கள். விழா முடிந்ததும் ரோமிலிருந்து ஒரு இன்ஸ்பெக்‌ஷன் குழு. ராஜா தன் அரண்மனையையே ஒழித்துக்கொடுத்து உபசரித்த உபசரிப்பில், 'ஒன்றும் சந்தேகப்படும்படி இல்லை' என்று அவர்கள் ரிப்போர்ட் எழுதிக்கொண்டு போனார்கள். ஆடிட்டரைச் சமாளிப்பது இன்று நேற்று வந்த கலை இல்லை!

அந்தாக்யாவில் செல்யூகஸ் வம்சம் விட்டுப்போனதாகக் கண்ணால் காணக்கூடியது, செயின்ட் பீட்டர் குகைக் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி மலையில் செதுக்கிய ஒரு பிரம்மாண்ட முகம். ஊரில் கொள்ளைநோய் வந்தபோது இந்த நாலாம் ஆண்டியோகஸ் காலத்தில் செதுக்க ஆரம்பித்தார்களாம். நோய் நின்றதும் வேலையையும் நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது. பாதி முகம்தான். கண்ணும் மூக்கும் தேய்ந்து, ஊரையே பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசி நாள் சாயங்காலம் சமந்தாக் கடற்கரை. செல்யூகஸ் தன் பேரில் கட்டிய துறைமுகம் இங்கேதான் இருந்தது. மகன் அவனுடைய அஸ்தியை வைத்துக் கோயில் எழுப்பியதும் இங்கேதான். இப்போது மீன்பிடி படகுகளும் கற்களும். தெற்கே கடலிலிருந்து நேரே எழும்பி ஒரு மொட்டை மலை. அதற்கு அந்தப் பக்கம் சிரியா. டிரைவர் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு, "உன் யானைகள் என்ன ஆச்சு, இன்னும் சொல்லலியே?" என்றார்.

சொன்னேன்.

நாலாம் ஆண்டியோகஸ் கி.மு. 164-ல் செத்தான். பிள்ளைக்கு ஒன்பது வயசு. நல்ல சமயம் என்று ரோம் ஒரு தூதுக்குழுவை அனுப்பியது. தலைவர் க்னேயஸ் ஆக்டேவியஸ். பழைய உடன்படிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். அனுமதித்த கணக்குக்கு மேல் இருந்த கப்பல்களை எரிக்கச் சொன்னார். யானைகளின் பின்னங்கால் நரம்புகளை அறுக்கச் சொன்னார்.

சண்டையில் இல்லை. லாயத்தில். பழகின, மனுஷன் சொன்னால் கேட்கிற, சொன்னால் காலைத் தூக்குகிற யானைகள். பாகன்கள் அங்கேதான் நின்றிருப்பார்கள். நரம்பு அறுந்த யானை நடக்காது. நடக்காத யானை எத்தனை நாள் இருக்கும்?

பார்த்துக்கொண்டிருந்த ஜனங்களால் தாங்கமுடியவில்லை. எத்தனையோ தோல்விகளுக்குச் சும்மா இருந்தவர்கள் இதற்குக் கொதித்துப்போனார்கள். கி.மு. 162-ல் லவோதிகேயாவில், அந்த மொட்டை மலைக்குத் தெற்கே இருக்கிற இன்றைய லடாகியாவில், ஆக்டேவியஸ் உடற்பயிற்சிக் கூடத்தில் இருந்தபோது லெப்டினஸ் என்பவன் குத்திக் கொன்றான். நான்தான் செய்தேன் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். ரோமுக்கே போய் நின்றான். அவர்கள் அவனைத் தண்டிக்கக்கூட இல்லை.

அதற்கப்புறம் நடந்ததை விவரமாகச் சொல்ல எனக்கு மனசில்லை. பார்த்தியர்கள் கி.மு. 141-ல் பாபிலோனை எடுத்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த சிரியாவுக்காக அண்ணன் தம்பி, அம்மா பிள்ளை எல்லாரும் அடித்துக்கொண்டார்கள். ஒரு மகாராணி பெற்ற பிள்ளைக்கே விஷம் கொடுக்க, அவன் 'நீயே குடி' என்று குடிக்கவைத்தான். கி.மு. 64-ல் ரோமானிய பாம்பே வந்து, கடைசி ஆண்டியோகஸிடம் உனக்கு இங்கே வேலையில்லை என்று சொல்லிவிட்டுச் சிரியாவை ரோமோடு சேர்த்துக்கொண்டார். சண்டைகூட இல்லை.

யானை லாயம் இருந்த அபாமியா அந்த மலைக்கு அப்பால் சிரியாவுக்குள் இருக்கிறது. அந்தாக்யாவிலிருந்து நேராகப் போனால் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. அப்போது போக வழியில்லை. 2011-க்கும் 2012-க்கும் நடுவே எடுத்த சாட்டிலைட் படங்களில், புதையல் திருடர்கள் தோண்டிய குழிகளால் அந்த இடம் அம்மைத் தழும்பு மாதிரி ஆகியிருந்தது. டிரைவர் மலையைப் பார்த்துக்கொண்டே சிகரெட்டை முடித்தார். ஏர்போர்ட் வரைக்கும் பேசவில்லை. இறங்கும்போது பேசின வாடகையில் பாதிதான் வாங்கிக்கொண்டார். "மீதி யானைக்கு" என்றார்.

ஊருக்கு வந்தபிறகு பண்டிகைக்குப் பண்டிகை வாட்ஸ்அப்பில் வாழ்த்து வரும். பூக்கொத்துப் படம், கீழே 'ஃபில் அபி'. நான் பொங்கலுக்கு யானைப் படம் அனுப்புவேன்.

2023 பிப்ரவரி 6. அதிகாலை 4.17 மணி, 7.8 அளவு பூகம்பம். டி.வி.யில் அந்தாக்யாவைக் காட்டினார்கள். மேலிருந்து எடுத்த படம். நானும் அவரும் நின்று பார்த்த அதே ஊர். ஆறு மட்டும் அடையாளம் தெரிந்தது. அன்றைக்குத் துருக்கியில் மட்டும் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் போனார்கள்.

செய்தி அனுப்பினேன். ஒற்றை டிக். ஆபீஸில் மீட்டிங்குக்கு நடுவில் எடுத்துப் பார்ப்பேன். ஒற்றை டிக். ஒன்பதாவது நாள் ராத்திரி இரண்டாவது டிக் விழுந்தது. ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது. நாலு வார்த்தை துருக்கியில், மற்றது அவருடைய இங்கிலீஷில்.

'ஃபில் கிட்தி, அபி.' யானை போச்சு, அண்ணா.

பெண்டாட்டியும் இரண்டு பையன்களும் பிழைத்தார்களாம். மெர்சினில் மச்சான் வீட்டில் இருக்கிறார்களாம். கார் கட்டடத்துக்கு அடியில். சின்னவன் ராத்திரியில் கட்டடத்துக்குள் தூங்க மாட்டேன் என்கிறானாம். அதனால் அவரும் அவனும் மட்டும் வாசலில், மச்சானின் வேனில் படுத்துக்கொள்கிறார்களாம்.